17ஆல் வகுக்கச் சொன்னால் மட்டும் ஏன் கை நின்றுவிடுகிறது?

ஜூலை 4, மாலை 6.15 (வாசகர் கேள்வி)

"ஒற்றை இலக்க எண்ணால் எவ்வளவு பெரிய எண்ணையும் வகுத்துவிடுவேன். 17, 28, 39 என்று இரண்டு இலக்கம் வந்தால் கை நின்றுவிடுகிறது. பள்ளியிலேயே அப்படித்தான். 16 வரைதான் வாய்ப்பாடு படித்தேன், அதனால்தான் வரவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது பையன் ஐந்தாம் வகுப்பு. நீள்வகுத்தல் சொல்லிக்கொடு என்கிறான். எனக்கு 43 வயது. இனிமேல் உட்கார்ந்து 17இலிருந்து 99 வரை வாய்ப்பாடு மனப்பாடம் செய்வதா? இல்லை, கால்குலேட்டரை அவன் கையில் கொடுத்துவிட்டு நழுவுவதா?"

ஜூலை 4, இரவு 9.50

மனப்பாடம் வேண்டாம். 17ஆம் வாய்ப்பாடு தலைகீழாகத் தெரிந்தவர்கூட 6137ஐ 17ஆல் வகுக்கும்போது அதில் மூன்றே வரியைத்தான் தொடுகிறார். அந்த மூன்று வரிக்காக முழு வாய்ப்பாட்டையும் சுமக்க வேண்டியதில்லை. நோட்டின் ஓரத்தில் நான்கு எண் எழுதிக்கொண்டால் போதும். 17ஐ இரட்டித்துக்கொண்டே போங்கள்:

1 தடவை 17
2 தடவை 34
4 தடவை 68
8 தடவை 136

ஒன்றிலிருந்து ஒன்பது வரை எந்த மடங்கும் இதற்குள் இருக்கிறது. மூன்று தடவை வேண்டுமா, 34ஐயும் 17ஐயும் கூட்டுங்கள். ஏழு வேண்டுமா, 68, 34, 17.

இப்போது 6137. 6இல் 17 போகாது. 61இல்? 68 அதிகம். 34 போகும், மீதி 27. அதில் இன்னொரு 17 போகும். ஆக 3 தடவை, மீதி 10. அடுத்த இலக்கம் 3ஐ இறக்கினால் 103. 68 போகும், மீதி 35. அதில் 34 போகும், மீதி 1. ஆக 6 தடவை. கடைசி 7ஐ இறக்கினால் 17. ஒரு தடவை. ஈவு 361, மீதி சுழி.

பள்ளியில் இதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்து மாட்டிக்கொண்டேன். 'பிட்' எழுதி வைத்திருக்கிறான் என்று முட்டிபோட வைத்தார்கள். ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, எகிப்தில் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். கி.மு. 1550 வாக்கில் ஆமெஸ் என்ற எழுத்தர் படியெடுத்த ரைண்ட் பாப்பிரஸ் சுருளில் வகுத்தல் இப்படித்தான் போகிறது. வகுக்கும் எண்ணை இரட்டித்துக்கொண்டே போய், வேண்டியவற்றை மட்டும் பொறுக்கிக் கூட்டுவார்கள். மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துப் பிட் அது.

ஜூலை 5, காலை 7.05

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். கணக்கு சரி. ஆனால் கேள்விக்குப் பதில் அதில்லை. கை ஏன் நிற்கிறது என்று கேட்டிருக்கிறார், நான் கைக்கு வேலை கொடுத்திருக்கிறேன்.

எனக்கு ஏன் நின்றது என்று சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பில் பேனாவால்தான் எழுத வேண்டும். 'அடித்தல் திருத்தல்' இருந்தால் அரை மதிப்பெண் போகும். நீள்வகுத்தலோ முதல் அடியிலேயே ஊகிக்கச் சொல்கிற கணக்கு. 61இல் 17 எத்தனை தடவை போகும்? நான்கு இருக்குமோ? எழுதிப் பெருக்கினால் 68. போச்சு, அடிக்க வேண்டும். அதனால் எழுதுவதற்கு முன்னாலேயே மனதுக்குள் 17 × 3, 17 × 4 எல்லாம் போட்டுப் பார்த்து உறுதிசெய்துகொண்டு எழுதுவேன். மனதுக்குள் போடும்போது கடன் வாங்கியது மறந்துபோகும். மறுபடியும் முதலிலிருந்து. பக்கத்தில் இருப்பவன் நான்காவது கணக்கில் இருப்பான், நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றிலும் ஊகத்துக்கு இடமே கிடையாது. சொன்னபடி செய்தால் விடை வரும். வகுத்தலில்தான் முதல்முறையாக 'சும்மா ஒன்று போட்டுப் பார், சரிவராவிட்டால் மாற்றிக்கொள்' என்கிறார்கள். அதே வாயால் அடித்தல் திருத்தல் கூடாது என்றும் சொல்கிறார்கள்.

ஜூலை 5, காலை 7.20

விட்டுப்போனது: ஊகம் தப்பா என்று கண்டுபிடிக்க இரண்டே சோதனை. பெருக்கி வந்தது மேலே உள்ளதைவிடப் பெரிதாக இருந்தால் ஊகம் அதிகம். கழித்து வந்த மீதி 17 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஊகம் குறைவு.

குறைவாகப் போட்டால் அடிக்கவே வேண்டாம். 61க்கு 2 போட்டீர்கள், மீதி 27. 27இல் இன்னொரு 17 இருக்கிறது. ஈவில் இருக்கும் 2க்கு மேலே சின்னதாக ஒரு 1 எழுதிவிட்டு, 27இலிருந்து 17ஐக் கழித்துக்கொண்டு போங்கள். கடைசியில் 2உம் 1உம் சேர்த்து 3.

ஜூலை 5, இரவு 11.10

பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு கேள்வி கட்டாயம் வரும். என் மகள் கேட்டாள். "அது ஆறாயிரத்துச் சொச்சம்தானே, நீ ஏன் அறுபத்தொன்று என்கிறாய்?"

நான் முழித்தேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்டதில்லை. 'இறக்கு' என்றால் இறக்குவேன், அவ்வளவுதான்.

குச்சிக் கட்டுகளை வைத்துத்தான் எனக்கே புரிந்தது. ஆயிரம் குச்சிக் கட்டு 6, நூறு குச்சிக் கட்டு 1, பத்துக் குச்சிக் கட்டு 3, உதிரி 7. பதினேழு பேருக்குப் பங்கு. ஆயிரக் கட்டு ஆறுதான் இருக்கிறது, ஆளுக்கொன்று வராது. பிரித்து நூறு கட்டுகளாக்கினால் 60, ஏற்கெனவே இருக்கும் ஒன்றோடு 61. நாம் 61 என்று சொல்வது அறுபத்தொரு நூறு. ஆளுக்கு மூன்று நூறு கொடுத்தால் 51 போய் 10 கட்டு மிஞ்சும். அந்தப் பத்தையும் பிரித்தால் 100 பத்துக் கட்டு. ஓரமாகக் காத்திருந்த 3 பத்துக் கட்டு இப்போது வந்து சேர்ந்துகொள்ளும். 103. அந்த மூன்றை அழைத்துச் சேர்ப்பதுதான் 'இறக்குதல்'.

மற்ற மூன்று கணக்கையும் வலமிருந்து தொடங்கிவிட்டு இதை மட்டும் இடமிருந்து தொடங்குவது ஏன் என்பதும் இதிலேயே தெரியும். பெரிய கட்டில் மிஞ்சியதைச் சின்னதாகப் பிரிக்கலாம். உதிரியை முதலில் பங்கிட்டுவிட்டால், பெரிய கட்டில் மிஞ்சியதைப் பிரித்தபின் உதிரியை மறுபடியும் பங்கிட உட்கார வேண்டும். செய்ய முடியாதென்றில்லை. எரிச்சல்.

ஜூலை 7, மாலை 5.30

சுழி. இதைத் தனியாக எழுதாவிட்டால் மனசு ஆறாது.

6318ஐ 6ஆல் வகுக்கச் சொன்னேன். இரண்டு இலக்கம்கூட இல்லை. மகள் எழுதிய விடை 153. 6இல் 6 ஒரு தடவை. 3ஐ இறக்கினாள், 6 போகவில்லை, உடனே 1ஐயும் இறக்கி 31 ஆக்கிக்கொண்டாள். 5 தடவை, மீதி 1. 18இல் 3. எல்லாப் படியும் சரி, ஒரு சுழி மட்டும் காணோம். சரியான விடை 1053. ஆறாயிரத்தை ஆறு பேருக்குப் பங்கிட்டு ஆளுக்கு நூற்றைம்பது வந்தால் மற்றதெல்லாம் எங்கே போனது என்று கேட்டேன். "மீதி சுழிதானே வந்தது" என்றாள். ஆமாம், வந்தது.

விதி ஒன்றுதான். ஓர் இலக்கத்தை இறக்கினால் ஈவில் ஓர் இலக்கம் எழுதியே ஆக வேண்டும். போகவில்லை என்றால் அதற்கு 0 என்று பெயர்.

ஈவை எங்கே எழுதுகிறோம் என்பதற்கும் இதில் பங்கு உண்டு. நான் படித்தபோது வகுத்தி இடப்பக்கம், நடுவில் எண், ஈவு வலப்பக்கம் அடைப்புக்குறிக்கு வெளியே. அங்கே சுழி தொலைந்தால் யாருக்கும் தெரியாது. எண்ணுக்கு நேர் மேலே, அந்தந்த இலக்கத்தின் தலையில் ஈவை எழுதினால், 3இன் தலை மொட்டையாக இருப்பது பளிச்சென்று தெரியும். கட்டம் போட்ட நோட்டு வாங்கிக்கொடுத்தேன். ஒரு வாரத்தில் சுழி தொலைவது நின்றது. நான் பேசிப் பேசிச் செய்ய முடியாததைக் கட்டம் செய்துவிட்டது.

ஜூலை 7, இரவு 8.00

பிரான்சில் வகுத்தி வலப்பக்கம், அதன் கீழே ஈவு. ஜெர்மனியில் கணக்கை ஒரே வரியில் 6318 : 6 = என்று எழுதிச் சமக்குறிக்குப் பின்னால் ஈவை நீட்டிக்கொண்டு போவார்கள். அங்கெல்லாம் பிள்ளைகள் வகுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே மேலேதான் எழுத வேண்டும் என்று சண்டைக்கு வரவில்லை. வலப்பக்கம்தான் எழுத வேண்டும் என்று பள்ளியில் பிடிவாதமாக இருந்தால், தொடங்கும் முன் ஈவுக்கு எத்தனை இலக்கம் என்று எண்ணிப் புள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 6318க்கு 6இலேயே தொடங்க முடிகிறது, ஆக நான்கு புள்ளி. 6137ஐ 17ஆல் வகுக்க 61இல்தான் தொடங்க முடிகிறது, ஆக மூன்று புள்ளி.

ஜூலை 8, காலை 6.45

விடையைச் சரிபார்க்க ஒரு வாசகர் குறுக்கு வழி கேட்டிருக்கிறார். உண்டு, ஒன்பது கழித்தல். இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் ஒற்றை இலக்கமாக்குங்கள். 6137: 6+1+3+7 = 17, மறுபடி 1+7 = 8. வகுத்தி 17: 8. ஈவு 361: 10, அதாவது 1. வகுத்தியையும் ஈவையும் பெருக்கினால் 8 × 1 = 8. மேலே இருந்ததும் 8. மீதி இருந்தால் அதன் இலக்கக் கூட்டலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்து நொடியில் முடியும்.

ஜூலை 8, காலை 9.15

மேலே சொன்னதை நம்பிவிடாதீர்கள். பல் தேய்க்கும்போது உறைத்தது.

மகளின் 153ஐ இதில் போட்டுப் பார்த்தேன். 1+5+3 = 9. சரியான விடை 1053க்கும் 9. சுழியைக் கூட்டினால் என்ன, கூட்டாவிட்டால் என்ன! அதாவது நீள்வகுத்தலில் எந்தப் பிழை அதிகம் வருமோ, சரியாக அதே பிழைக்கு இந்தச் சோதனை கண்ணை மூடிக்கொள்கிறது. இலக்கங்கள் இடம் மாறிப்போனாலும் கண்டுபிடிக்காது. ஈவைப் பெருக்கிப் பார்ப்பதே மேல். அதற்கு முன்னால் ஒரு தோராயம்: ஆறாயிரத்தை ஆறால் வகுத்தால் ஆயிரம் பக்கம் வர வேண்டும்.

ஜூலை 10, இரவு 10.30

'இதெல்லாம் மனிதர் படும் பாடு, கால்குலேட்டர் ஊகிப்பதில்லை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஊகிக்கிற இயந்திரமும் உண்டு. ஊகத்தில் ஓட்டை விழுந்து ஊர் சிரித்த கதையும் உண்டு.

1994இல் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி இரட்டைப் பகா எண்களின் (11, 13 போல இரண்டு தள்ளி வரும் பகா எண் ஜோடிகள்) தலைகீழிகளை, அதாவது 1/11, 1/13 என்பவற்றை, கூட்டிக்கொண்டிருந்தார். கணினி தரும் விடை எங்கோ இடித்தது. தன் நிரலைத் துருவித் துருவிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கணினிக்குள் இருக்கும் இன்டெல் நிறுவனத்தின் பெண்டியம் சில்லே தப்பாக வகுக்கிறது என்று கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு எல்லோரும் போட்டுப் பார்த்த கணக்கு 4195835 ÷ 3145727. வர வேண்டியது 1.33382. பெண்டியம் சொன்னது 1.33373. நான்காவது தசம இடத்திலேயே கோளாறு.

உள்ளே நடப்பது நம் நீள்வகுத்தல்தான். ஒவ்வொரு படியிலும் ஈவின் அடுத்த இலக்கம் என்ன என்பதை, மீதியின் முதல் சில இலக்கங்களையும் வகுத்தியின் முதல் சில இலக்கங்களையும் மட்டும் பார்த்து, ஓர் அட்டவணையிலிருந்து எடுக்கிறது. நாம் 61ஐயும் 17ஐயும் ஓரக்கண்ணால் பார்த்து 'மூன்று' என்கிறோமே, அதே வேலை. அந்த அட்டவணையில் எண் இருக்க வேண்டிய இடங்கள் 1066. அவற்றில் 5 இடம் காலியாகச் சுழியோடு நின்றுவிட்டது. கணக்கு அந்த இடத்தில் போய் விழுந்தால் தப்பு. இன்டெல் சில்லுகளை மாற்றித்தர ஒப்புக்கொண்டு 47.5 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது. அங்கேயும் சுழிதான் வேலையைக் காட்டியிருக்கிறது.

ஜூலை 10, இரவு 11.45

தூக்கம் வரவில்லை. எழுதியவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஊகிக்காமலும் வகுக்கலாம். வகுத்தியைக் கழித்துக்கொண்டே போக வேண்டியது, எண் சுழிக்குக் கீழே போனதும் ஒரு தடவை திரும்பக் கூட்டிச் சரிசெய்துவிட்டு அடுத்த இலக்கத்துக்குப் போக வேண்டியது. அப்படி வகுக்கும் இயந்திரங்களும் உண்டு. ஒரு படிக்கு அதிகபட்சம் பத்துக் கழித்தல், அவ்வளவுதான். நமக்குத்தான் கை வலிக்கும்.

ஆனால் பெண்டியம் செய்ததில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அதன் ஈவு இலக்கங்கள் 2, 1, 0 மட்டுமில்லை, −1, −2 என்றும் வரலாம். ஊகம் கொஞ்சம் அதிகமாகிவிட்டால் அது அழிப்பதில்லை. அடுத்த படியில் கழித்துக்கொள்கிறது. இதைக் காகிதத்தில் செய்து பார்த்தேன்.

6137 ÷ 17. 61க்கு 4 என்று தெரிந்தே தப்பாகப் போடுகிறேன். 68. ஏழு அதிகம், அதாவது 7 கடன். அடிக்கவில்லை. கடனோடு இறக்குகிறேன். எழுபது கடன், கையில் இறங்கிய 3, ஆக 67 கடன். 67ஐ அடைக்க 17ஐ நான்கு தடவை திருப்பித் தர வேண்டும், 68. ஈவில் −4. கடன் தீர்ந்து 1 மிஞ்சியது. 7ஐ இறக்கினால் 17. ஒரு தடவை. ஈவு: 4, −4, 1.

நானூறு, கழித்தல் நாற்பது, கூட்டல் ஒன்று. 361.

ஓர் எழுத்தைக்கூட அடிக்கவில்லை. அந்த ஐந்தாம் வகுப்புப் பேனா ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 13, மாலை 4.00

17 மட்டும் ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதற்கு இப்போதுதான் வருகிறேன். வாய்ப்பாடு காரணமில்லை என்று முதல் நாளே சொன்னேன். எது காரணம் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பல வருடம் முன்பு, கணினி நேரடியாகத் தாங்காத பெரிய பெரிய எண்களை வகுக்க ஒரு நிரல் எழுத வேண்டி வந்தது. பள்ளி முறையைத்தான் எழுதினேன். ஊகத்துக்கு வகுத்தியின் முதல் இலக்கத்தை மட்டும் பார்த்தேன். சில எண்களுக்கு வேகமாக ஓடியது, சில எண்களுக்கு ஒவ்வொரு இலக்கத்திலும் நாலைந்து தடவை பின்வாங்கியது. கணினி அறிஞர் டொனால்ட் கனூத் எழுதிய 'The Art of Computer Programming' புத்தக வரிசையில், 1969இல் வெளியிட்ட இரண்டாம் தொகுதியில் 'டி' என்று பெயரிட்ட வழிமுறை இருக்கிறது. அதில் விடை கிடைத்தது. வகுத்தியின் முதல் இலக்கம் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால், அந்த ஓர் இலக்கத்தை மட்டும் பார்த்துப் போடும் ஊகம் ஒருபோதும் குறையாது, அதிகமானாலும் இரண்டுக்கு மேல் அதிகமாகாது. முதல் இலக்கம் சின்னதாக இருந்தால் அந்த உத்தரவாதம் இல்லை.

17இன் முதல் இலக்கம் 1. 61இல் 17 எத்தனை என்பதற்கு 6இல் 1 எத்தனை என்று பார்த்தால் 6. உண்மை 3. 95இல் 19 எத்தனை? 9இல் 1 என்று பார்த்தால் 9. உண்மை 5. மூன்று, நான்கு என்று தள்ளிப் போகிறது. 83ஆல் வகுக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. 83ஆம் வாய்ப்பாடு யாருக்குத் தெரியும்? ஆனாலும் 83 சுலபம், 17 கஷ்டம்.

கனூத் சொல்லும் மருந்து, இரண்டு எண்ணையும் ஒரே எண்ணால் பெருக்கி வகுத்தியின் முதல் இலக்கத்தைப் பெரிதாக்குவது. 17 × 5 = 85, 6137 × 5 = 30685. இப்போது 306இல் 85: 30இல் 8 எத்தனை, 3. சரி. மீதி 51, 8ஐ இறக்க 518: 51இல் 8, 6. சரி. மீதி 8, 5ஐ இறக்க 85: 1. மூன்று ஊகமும் முதல் தடவையே சரி. ஈவும் மீதியும் மாறாது.

ஜூலை 13, மாலை 4.40

தப்பு. ஈவு மாறாது, மீதி மாறும். மேலே மீதி சுழியாக இருந்ததால் எனக்கு உறைக்கவில்லை. 6140ஐ 17ஆல் வகுத்தால் 361, மீதி 3. ஐந்தால் பெருக்கிய பிறகு 30700ஐ 85ஆல் வகுத்தால் 361, மீதி 15. அந்த 15ஐ ஐந்தால் வகுத்துத்தான் 3 எடுக்க வேண்டும். என் நிரலிலும் முதல் தடவை இதே தப்பைத்தான் செய்தேன். வருடங்கள் ஆகியும் திருந்தவில்லை.

ஜூலை 14, காலை 8.20

சரி, கையால் போடுகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே கேட்டுவிட்டேன். பையனிடம் போய் "ரெண்டு பக்கமும் அஞ்சால் பெருக்கு" என்றால் ஓடிவிடுவான்.

அவனுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வகுத்தியை அடுத்த பத்துக்கு ஏற்றிக்கொள். 17ஐ 20 என்று பார், 28ஐ 30, 39ஐ 40. 61இல் 20 எத்தனை? 3. 103இல் 20 எத்தனை? 5. ஐந்து பதினேழு 85, மீதி 18. 18இல் இன்னொரு 17 இருக்கிறது, மேலே சின்ன 1. ஆறு.

ஏற்றிப் பார்த்தால் ஊகம் குறையலாமே தவிர அதிகமாகாது. குறைந்தால் அடிக்க வேண்டியதில்லை, மேலே சேர்த்துக்கொள்ளலாம் (ஜூலை 5, காலை). 10இலிருந்து 20க்குள் இருக்கும் எண்களில் 11, 12, 13க்கு இது ரொம்பவே குறைத்துக் காட்டும். அவற்றுக்குத்தான் வாய்ப்பாடே தெரியுமே.

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். எகிப்துக்கும் இன்டெலுக்கும் போய்விட்டு வந்திருக்கிறேன்.

ஜூலை 15, இரவு 9.00

அடித்தல் திருத்தல் பற்றி ஒரு துணுக்கு. ஐரோப்பாவில் பல நூற்றாண்டு காலம் எல்லோரும் வகுத்தது அடித்து அடித்துத்தான். 1478இல் இத்தாலியின் ட்ரெவிசோவில் அச்சான கணக்குப் புத்தகத்தில் அந்த முறை இருக்கிறது. பயன்படுத்திய இலக்கத்தை அடித்துவிட்டு, மீதியை அதன் மேலேயே எழுதிக்கொண்டு போவார்கள். முடிக்கும்போது எண்கள் மேலும் கீழும் குவிந்து பாய்மரக் கப்பல் மாதிரி நிற்கும். பெயரே கப்பல் முறை. நாம் இன்று எழுதும், மீதியைக் கீழே கீழே இறக்கிக்கொண்டு போகும் வடிவம் 1491இல் ஃபிளாரன்சில் கலாந்திரியின் புத்தகத்தில் அச்சில் வந்தது. அதற்குப் பிறகும் கப்பல் உடனே மூழ்கிவிடவில்லை, ரொம்ப காலம் மிதந்தது.

அடித்ததற்கு அரை மதிப்பெண் குறைத்தால் அந்தக் கணக்கர்கள் எல்லோரும் ஃபெயில்.

ஜூலை 18, மாலை 7.30

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். பையனுக்கு இரண்டு இலக்கம் வந்துவிட்டதாம். 'மீதி வந்தால் சுழி சேர்த்துச் சேர்த்துப் போய்க்கொண்டே இருக்கலாமாமே, எப்போது நிற்கும்?' என்று கேட்கிறானாம்.

1ஐ 7ஆல் வகுக்கச் சொல்லுங்கள். ஈவைப் பார்க்க வேண்டாம், மீதியைப் பார்க்கச் சொல்லுங்கள். 3, 2, 6, 4, 5, 1. ஏழால் வகுத்தால் மீதி 1இலிருந்து 6 வரைதான் இருக்க முடியும். ஆறும் தீர்ந்துவிட்டது. மறுபடி 1 வந்தால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம், இனி அதே கதை. 0.142857142857 என்று நிற்காமல் போகும். மீதி சுழியானால் நிற்கும், இல்லையென்றால் திரும்பும். மூன்றாவது வழி கிடையாது.

பிறகு துணிச்சல் இருந்தால் 1 ÷ 17. பதினாறு மீதியும் ஒன்று விடாமல் வந்த பிறகுதான் 1 திரும்பும். நானும் மகளும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து போட்டோம். எட்டு இலக்கம் முடிந்ததும் மீதி 16 வரும். அங்கே நிறுத்திக்கொள்ளலாம். மிச்ச எட்டு இலக்கத்தையும் முதல் எட்டை ஒவ்வொன்றாக 9இலிருந்து கழித்து எழுதிவிடலாம். அவளிடம் இதை முன்பே சொல்லவில்லை. பதினாறும் போட்டு முடித்த பிறகு சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை.

ஜூலை 20, காலை 10.10

பையன் போட்ட கணக்கின் விடையை அவர் எழுதியிருக்கிறார்: 0.588235294117647. இணையத்தில் பார்த்ததோடு ஒத்துவரவில்லையாம், எங்கே தப்பு என்று ஒரு மணி நேரமாகத் தேடுகிறார்களாம்.

பதினேழு பேருக்கு ஒன்றைப் பங்கிட்டால் ஆளுக்குப் பாதிக்கு மேல் எப்படி வரும்? முதல் சுழியை இறக்கினால் 10. அதில் 17 போகாது. போகவில்லை என்றால் எழுத வேண்டியதை எழுதாமல் இரண்டாவது சுழியையும் இறக்கி நூறாக்கிவிட்டான் பையன். ஜூலை 7, மாலைக் குறிப்பு. புள்ளிக்குப் பிறகு ஒரு 0 போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், மற்ற பதினைந்தும் சரி.